யுத்தத்திற்குப் பின் வந்த பஸ் வண்டி

புகைவண்டியின் சரித்திரத்தை எழுதி வைத்தவர்கள் அநேகர். எந்தத் தண்டவாளம் எந்த ஆண்டில் போடப்பட்டது, எந்தப் பாலத்திற்கு எத்தனை கண்கள் என்பனவெல்லாம் ஏடுகளில் ஏறியிருக்கின்றன. ஆனால் அந்தப் புகைவண்டியை விட்டு இறங்கியதும் நம் குடும்பங்கள் மூட்டை முடிச்சுகளுடன் ஏறி அமர்கின்ற பஸ் வண்டியின் சரித்திரமோ எழுதுவாரின்றிக் கிடக்கிறது. குப்பம் நிலையத்தில் இறங்குவோரில் பஸ் ஏறாமல் வீடு சேருவோர் எத்தனை பேர்? இரயில்வே இலாகாவில் குமாஸ்தாவாக இருப்பவர் பஸ்ஸைப் பற்றி எழுதுவதா என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். போட்டியாளரை நன்கு அறிந்தவர் போட்டியாளரே அல்லவா?

ஆகவே, இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின் நம் நாட்டு நகரங்களுக்கும் ஊர்களுக்கும் வந்து சேர்ந்த பஸ் வண்டி எவ்வாறு பிறந்தது, அதன் உறுப்புகள் எவ்வாறு இயங்கின, அதன் அமைப்பால் நமக்கு விளைந்த நன்மை தீமைகள் யாவை என்பதை இம்மலரில் எழுதத் துணிந்தோம்.

யுத்தத்திற்கு முந்திய நிலையைச் சிறிது பார்த்துவிட்டு மேலே செல்வோம். தென்னாட்டில் மோட்டார் பஸ் தனியார் முயற்சியால் வளர்ந்தது. மதுரையில் டி. வி. சுந்தரம் ஐயங்காரும், கோயமுத்தூரில் ஜி. டி. நாயுடுவும் இத்தொழிலின் முன்னோடிகள். நாயுடு 1920 இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு வண்டியைக் கொண்டு தொடங்கியவர். ஹைதராபாத் சமஸ்தானத்தில் நடந்ததோ வேறு விதம். அங்கே 1932 இல் பஸ் விட்டது நிஜாம் அரசின் இரயில்வேயே. 27 வண்டிகள், 166 ஊழியர்கள். ஆல்பியன் என்னும் ஸ்காட்லாந்து நாட்டுக் கம்பெனியின் வண்டிகள் அங்கே ஓடின. இரயில்வேயின் மடியில் பிறந்த அந்தக் குழந்தைதான் பின்னர் 1958 ஜனவரி 11 ஆம் நாள் ஆந்திரப் பிரதேச சாலைப் போக்குவரத்துக் கழகமாக வளர்ந்தது. எனவே, பஸ்ஸை இரயில்வேயின் பகைவன் என்று சொல்லுவோர் நம் மாநிலத்தில் மட்டுமாவது சற்று யோசித்துப் பேசுவது நலம்.

மற்ற இடங்களில் பகை இருந்தது உண்மையே. இரயில்வேக்கு இணையாக ஓடிய சாலைகளில் பஸ்காரர்கள் பிரயாணிகளைக் கவர்ந்து சென்றனர். இதை ஆராய 1932 இல் மிட்செல், கிர்க்னெஸ் என்னும் இரு அதிகாரிகளை அரசு நியமித்தது. அதன்பின் 1939 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் வந்து, வழித்தட பெர்மிட், நேர அட்டவணை, கட்டணம் எல்லாவற்றிற்கும் ஒரு கட்டுப்பாட்டை உண்டாக்கியது. சட்டம் வந்த அதே ஆண்டில் யுத்தமும் வந்தது.

யுத்த காலத்தில் பெட்ரோல் பங்கீட்டுப் பொருளாயிற்று. அப்போது தோன்றியதுதான் கரி பஸ். வண்டியின் பின்புறத்தில் ஒரு நீண்ட இரும்பு உருளையைப் பொருத்தி, அதில் மரக்கரியை இட்டு, போதிய காற்று புகாதபடி எரிப்பார்கள். காற்று குறைவாயிருப்பதால் கரி முழுவதும் எரியாமல், கார்பன் மோனாக்சைடு என்னும் எரியக்கூடிய வாயு உண்டாகும். அதைத் தூசு நீக்கிக் குளிரச்செய்து என்ஜினுக்குள் விடுவார்கள். இவ்வகைக் கரி வாயு அடுப்புகளை மதுரை டி. வி. எஸ். நிறுவனத்தார் செய்து விற்றனர். பெட்ரோலில் கிடைத்த சக்தியில் ஒரு பங்கு இதில் குறைந்துபோகும். மேடு வந்தால் பிரயாணிகள் இறங்கி நடந்தனர் என்றும், சில வேளைகளில் தள்ளவும் செய்தனர் என்றும் முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். கிளீனர் என்னும் பதவிக்கு அந்நாளில் அடுப்பு மூட்டுபவர் என்பதே பொருந்திய பெயர். விடியற்காலையில் அவர் எழுந்து துருத்தி சுற்றினால்தான் முதல் வண்டி புறப்படும்.

யுத்தம் முடிந்தது. வண்டிகள் தேய்ந்து கிடந்தன. பிரயாணிகளோ பெருகிவிட்டனர். இச்சமயத்தில்தான் இங்கிலாந்து தேசத்திலிருந்து புதிய வகை வண்டிகள் வரத் தொடங்கின. அவற்றின் பிறப்பை அறிய நாம் லண்டன் வரை சென்று வரவேண்டும்.

லண்டன் மாநகரில் யுத்தத்திற்குச் சற்று முன்பே, 1939 இல், ஆர். டி. என்னும் மாடி பஸ் வெள்ளோட்டம் விடப்பட்டது. யுத்தம் அதை நிறுத்தி வைத்தது. 1947 முதல் அது பெருந்தொகையாக வெளிவந்தது. ஆர். டி. இனத்தைச் சேர்ந்த ஏறத்தாழ 7,000 வண்டிகள் கட்டப்பட்டன. 56 பேர் அமரலாம். மேல்மாடியில் 30, கீழே 26. ஏ. இ. சி. கம்பெனியாரின் 9.6 லிட்டர் டீசல் என்ஜின் 115 குதிரைச் சக்தி தந்தது. இந்த வண்டியின் உடலைக் கட்டிய முறையில் ஒரு விந்தை உண்டு. யுத்த காலத்தில் லண்டன் போக்குவரத்து நிறுவனத்தார் மற்றச் சில கம்பெனிகளுடன் சேர்ந்து ஹாலிஃபாக்ஸ் என்னும் குண்டுவீச்சு விமானங்கள் 710 ஐக் கட்டினர். விமானத்தின் ஒவ்வொரு பகுதியும் ஒரே அளவில் அச்சுப்போல் அமையவேண்டும். இல்லையேல் ஓரிடத்தில் செய்த இறக்கை வேறிடத்தில் செய்த உடலுடன் பொருந்தாது. அந்தப் பாடத்தை அவர்கள் பஸ்ஸுக்கு எடுத்துக்கொண்டனர். எந்த ஆர். டி. உடலையும் எந்த ஆர். டி. சேசிஸ் மீதும் தூக்கி வைக்கலாம். பழுது பார்க்க வந்த வண்டியின் உடலைக் கழற்றி, தயாராக இருக்கும் வேறொரு உடலை ஏற்றி அனுப்பிவிடுவார்கள். வெடிகுண்டு சுமக்கப் பழகிய கைத்திறம் வீட்டுக்குப் போகும் தொழிலாளியைச் சுமக்கப் பயன்பட்டது என்பதை நினைத்தால் நமக்கு மகிழ்ச்சியே உண்டாகிறது.

அந்த வண்டியில் டிரைவருக்கு இருந்த வசதியும் குறிப்பிடத்தக்கது. அடுத்து வேண்டிய கியரை ஒரு சிறு பிடியால் முன்கூட்டியே தெரிந்தெடுத்து வைத்துக்கொண்டு, வேண்டிய கணத்தில் காலால் ஒரு மிதியை அழுத்தினால் போதும். கியர் தானே மாறிவிடும். பிரேக்கும் காற்றழுத்தத்தால் இயங்கியது. நாள் முழுதும் நின்று நின்று ஓடும் நகரப் பஸ்ஸுக்கு இது எத்தகைய சகாயம் என்பதை டிரைவர் வேலை செய்தவரே அறிவர்.

இனி லேலண்ட் கம்பெனிக்கு வருவோம். நம் நாட்டிற்கு நெருங்கிய உறவு அதனோடுதான். லங்காஷையர் மாவட்டத்தில் 1896 இல் நீராவி வண்டி செய்யத் தொடங்கிய கம்பெனி அது. 1907 முதல் லேலண்ட் மோட்டார்ஸ் என்று பெயர் பெற்றது. யுத்த காலத்தில் அவர்கள் கவச டாங்கிகள் செய்தனர். அவற்றுள் ஒன்றுக்கு காமெட், அதாவது வால் நட்சத்திரம், என்று பெயர். 1947 இல் அவர்கள் வெளியிட்ட புதிய லாரிக்கும் காமெட் என்றே பெயர் வைத்தனர். அந்நாளில் பிரிட்டனுக்குக் கடன் மிகுதி. அந்நியச் செலாவணி தேடியாக வேண்டிய நிலை. வெளிநாடுகளுக்கு அதிகமாக ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலைக்கே எஃகு தாராளமாக ஒதுக்கப்பட்டது. ஆகவே காமெட் வண்டி முதலிலிருந்தே பிறநாட்டுச் சாலைகளை மனத்தில் கொண்டு உருவாகியது. நீண்ட மூக்கு, 6 சிலிண்டர் டீசல் என்ஜின், முதலில் 75 குதிரைச் சக்தி, பின்னர் வந்த பெரிய என்ஜினில் 90 குதிரைச் சக்தி.

அந்த வால் நட்சத்திரம் சென்னைக்கு வந்த கதை இது. ரகுநந்தன் சரண் என்பவர் பஞ்சாபைச் சேர்ந்த தேசபக்தர். நேருவின் தூண்டுதலால் தொழில் துறையில் இறங்கி, 1948 செப்டம்பரில் அசோக் மோட்டார்ஸ் என்னும் கம்பெனியை நிறுவினார். சென்னைக்கு வடக்கே எண்ணூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் ஆஸ்டின் சிறு கார்களின் பகுதிகளைக் கொணர்ந்து பூட்டி விற்றனர். 1950 இல் லேலண்ட் கம்பெனியுடன் ஒப்பந்தம் ஏற்பட்டது. 1951 இல் எண்ணூரில் பூட்டப்பட்ட முதல் காமெட் சேசிஸ் வெளிவந்தது. முதல் வண்டிகள் மங்களூர் ஓட்டுத் தொழிற்சாலை ஒன்றிற்குச் சென்றன. மனிதரைச் சுமக்கும் முன் அவை ஓடு சுமந்தன என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அதற்கு வேலை இருக்கிறது. சரண் தம் முயற்சியின் முழுப் பயனைக் காணாமலே விமான விபத்தொன்றில் மாண்டார். லேலண்ட் கம்பெனியும் பங்கு எடுத்துக்கொண்டபின் 1955 இல் அசோக் லேலண்ட் என்னும் பெயர் வந்தது. அதற்கு முந்திய ஆண்டிலேயே டாட்டா கம்பெனியார் ஜெர்மன் நாட்டு மெர்ஸிடஸ் பென்ஸுடன் கூடி ஜாம்ஷெட்பூரில் தொடங்கிவிட்டனர். ஆக, இரு பெரும் குடும்பங்கள். நம் நாட்டுப் பஸ்கள் பெரும்பாலும் அவ்விரு குடும்பத்தின் வாரிசுகளே.

சென்னை நகரில் அரசாங்கமே பஸ் நடத்தும் திட்டம் 1947 இல் 30 வண்டிகளுடன் தொடங்கியது. 1895 முதல் ஓடிவந்த டிராம் வண்டிகள் 1953 ஏப்ரலில் நின்றுபோயின. அவற்றின் சுமையையும் பஸ்ஸே தாங்கவேண்டியதாயிற்று. சித்தூரும் திருப்பதியும் குப்பமும் அப்போது சென்னை இராஜ்யத்தைச் சேர்ந்தவை என்பதைச் சிறுவர்கள் அறியமாட்டார்கள். 1953 அக்டோபர் 1 ஆம் நாள் ஆந்திர இராஜ்யம் பிரிந்தது. முந்திய நாள் வரை ஒரே இராஜ்யத்திற்குள் ஓடிய சித்தூர்–வேலூர் பாதை மறுநாள் இரு இராஜ்யங்களுக்கு இடைப்பட்ட பாதையாயிற்று. 1939 ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஓர் எல்லையில் தந்த பெர்மிட்டை மறு எல்லையிலும் மேலொப்பம் பெற்றாலன்றி அங்கே செல்லாது. அண்ணன் வீடு அப்பக்கம், தங்கை வீடு இப்பக்கம் என்றிருந்த குடும்பங்களுக்கு எல்லைக்கோடு என்பது வரைபடத்தில் இல்லை, பஸ்ஸின் பலகையில்தான் இருந்தது. 1960 ஏப்ரலில் திருத்தணி சென்னை இராஜ்யத்துடன் சேர்ந்தபோதும் இதே கதைதான். இதை விரித்தால் கட்டுரை வேறு வழியில் போய்விடும், என்ஜினுக்குத் திரும்புவோம்.

பெட்ரோல் என்ஜினுக்கும் டீசல் என்ஜினுக்கும் என்ன பேதம்? பெட்ரோல் என்ஜினில் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவையை அழுத்தி, மின்பொறியால் கொளுத்துகிறார்கள். டீசலில் மின்பொறியே இல்லை. வெறும் காற்றை உள்ளே இழுத்து, அதன் பருமனில் ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்காகும்படி அமுக்குகிறார்கள். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதை நாம் கண்டிருக்கிறோம். அதே தத்துவந்தான், இங்கே காற்று 500 டிகிரிக்கும் மேல் சூடாகிவிடுகிறது. அந்தக் கணத்தில் டீசல் எண்ணெயை மெல்லிய தூவானமாகப் பீச்சினால் தானே பற்றிக்கொள்ளும். அதிகமாக அமுக்குவதால் எண்ணெயின் சக்தியில் அதிகப் பங்கு வேலையாக மாறுகிறது. ஆகவே ஒரு காலன் டீசலில் வண்டி அதிகத் தூரம் ஓடும். ஆனால் அந்த அழுத்தத்தைத் தாங்க என்ஜின் கனமாக இருக்கவேண்டும். எண்ணெய் பீச்சும் பம்போ தலைமயிரினும் நுண்ணிய இடைவெளியில் பொருந்தவேண்டும். அத்தகைய பம்பு செய்யும் ஆற்றல் நம் நாட்டில் இல்லாதிருந்தது. 1951 இல் பெங்களூரில் நிறுவப்பட்ட மைகோ தொழிற்சாலை வந்தபின்தான் அக்குறை தீர்ந்தது. சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவே குடியிருக்கும் நாம், ஒரு பக்கம் சேசிஸும் மறுபக்கம் அதன் பம்பும் பிறப்பதைப் பார்த்த பிரதேசத்தார் என்று சற்றுப் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

இப்போது பிரேக்கைப் பற்றி. இது இரயில்வேகாரருக்கு உவப்பான விஷயம். நெடுங்காலம் நம் புகைவண்டிகளில் வாக்குவம் பிரேக் இருந்தது. வண்டித்தொடர் முழுவதும் ஒரு குழாய். அதில் காற்றை நீக்கி வெற்றிடமாக வைத்திருக்கும்வரை பிரேக் விலகி நிற்கும். காற்று உள்ளே புகுந்தால் பிரேக் பிடித்துக்கொள்ளும். சங்கிலியை இழுத்தால் வண்டி நிற்பதும், தொடர் அறுந்தால் இரு பாதியும் தாமே நிற்பதும் இதனாலேயே. கெட்டால் நிற்கும் என்பது இரயில் பிரேக்கின் தருமம்.

யுத்தத்திற்குப் பின் வந்த பஸ்களில் பலவற்றிலும் வாக்குவம் துணை பிரேக் இருந்தது. பெயர் ஒன்றே தவிர தருமம் வேறு. அங்கே வெற்றிடம் பிரேக்கை விலக்கி வைப்பதில்லை. டிரைவரின் காலுக்குத் துணையாக நின்று அழுத்துகிறது. வெற்றிடம் இல்லாது போனால் வண்டி தானே நிற்காது; துணை போய்விடும், டிரைவரின் கால் பலம் ஒன்றே மிஞ்சும். மேலும், பெட்ரோல் என்ஜின் காற்றை உறிஞ்சும் குழாயில் வெற்றிடம் இயல்பாகவே கிடைத்தது. டீசல் என்ஜினுக்குக் காற்றுக் குழாயில் தடுக்கும் கதவு இல்லாமையால் அது கிடைப்பதில்லை. ஆகவே காற்றை வெளியேற்ற என்ஜினோடு ஒரு தனிப் பம்பை இணைத்தார்கள். என்ஜின் நின்றால் பம்பும் நிற்கும். எண்ணெய் மிச்சம் பிடிப்பதற்காக இறக்கத்தில் என்ஜினை நிறுத்திவிட்டு வண்டியை உருளவிடும் கெட்ட வழக்கம் எவ்வளவு அபாயகரமானது என்பது இதிலிருந்து விளங்கும். சில படி எண்ணெய்க்காக ஐம்பது உயிர்களைப் பணயம் வைப்பது அது. பின்வந்த காலத்தில் நம் நாட்டுப் பஸ்களும் காற்றழுத்தப் பிரேக்குக்கு மாறின.

இதன் உண்மையான பரீட்சை அந்நாளில் நம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த திருமலைச் சாலையிலேயே நடந்தது. 1944 வரையில் ஏழுமலையான் சந்நிதிக்குச் செல்ல விரும்புவோர் நடந்தே ஏறவேண்டும். இயலாதோர் டோலியில் சென்றனர். சர் எம். விசுவேசுவரய்யாவின் ஆலோசனையோடு அமைந்த முதல் மலைச்சாலையை 1944 ஏப்ரலில் சென்னை கவர்னர் சர் ஆர்தர் ஹோப் திறந்து வைத்தார். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. 36 கொண்டை ஊசி வளைவுகள். தேவஸ்தானமே வெகுகாலம் தன் பஸ்களை விட்டுவந்தது. 1975 இல் அப்பொறுப்பு சாலைப் போக்குவரத்துக் கழகத்திற்குச் சென்றது. அதற்குள் இரண்டாவது சாலையும் வந்துவிட்டபடியால் பழைய சாலை இறங்குவதற்கென்றே ஆயிற்று.

ஏறுவதைவிட இறங்குவதே கஷ்டம் என்பார்கள். அதற்குக் கணக்கு இருக்கிறது. திருப்பதிக்கும் திருமலைக்கும் உயர வேறுபாடு சுமார் 2,300 அடி. 8 டன் எடையுள்ள வண்டி அவ்வளவு உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிப்படும் சக்தி, நம் வீட்டு மின்சார மீட்டர் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 15 யூனிட். சுமார் 160 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அவ்வளவு சூடும் பிரேக்கில் இறங்கினால் என்ன ஆகும்? இரும்பு உருளை விரிந்துகொள்ளும், உள்ளே உராயும் பட்டை பிடிமானம் இழக்கும், டிரைவர் மிதிக்க மிதிக்க வண்டி ஓடும். ஆகையால் தாழ்ந்த கியரில் இறங்குவது மலைச்சாலையின் முதல் விதி. எந்தக் கியரில் ஏறுவாயோ அந்தக் கியரிலேயே இறங்கு என்பது பழைய டிரைவர்களின் வாக்கு. அப்போது சக்கரம் என்ஜினைச் சுழற்றும். என்ஜின் தடையாக நிற்கும். டீசல் என்ஜினின் இந்தத் தடை போதாது என்று கண்டு, புகைபோக்கும் குழாயை ஒரு தகட்டால் அடைத்து என்ஜினை மூச்சுத் திணறச் செய்யும் புகைக்குழாய்ப் பிரேக்கையும் பின்னர் மலைவண்டிகளில் சேர்த்தனர்.

இவ்வளவையும் செய்தவர் ஒரு மனிதர். ஸ்டியரிங் சக்கரத்தைத் திருப்ப அக்காலத்தில் எண்ணெய் அழுத்தத் துணை ஏதும் இல்லை. அதனால்தான் அச்சக்கரம் அவ்வளவு பெரிது. கியர் மாற்றுவதும் லண்டன் டிரைவருக்கு வாய்த்தது போன்று எளிதன்று. கிளச்சை ஒருமுறை மிதித்துக் கியரை விலக்கி, இடையில் என்ஜினின் வேகத்தைச் சரிசெய்து, மறுமுறை மிதித்து அடுத்த கியரில் சேர்க்கவேண்டும். பிசகினால் பல்சக்கரங்கள் அலறும். வண்டி முழுவதும் திரும்பிப் பார்க்கும். கொண்டை ஊசி வளைவில் ஒரே சமயத்தில் இதையும் செய்து ஸ்டியரிங்கையும் திருப்பவேண்டும். கோவிந்தா என்று பின்னால் கோஷமிட்ட பக்தர்களுக்கு முன்னால் அமர்ந்திருந்தவரின் தோள்வலி தெரிந்திராது. நாமும் டிக்கட் கொடுப்பவர் இனம். வண்டி ஓட்டுபவர் உழைப்பைச் சிறப்பிக்க நமக்குக் கடமையுண்டு.

சேசிஸ் மட்டுந்தான் தொழிற்சாலையில் செய்யப்பட்டது என்பதையும் சொல்லவேண்டும். என்ஜின், நீண்ட இரு எஃகுச் சட்டங்கள், அச்சுகள், சக்கரங்கள், இவ்வளவே எண்ணூரிலிருந்து வரும். டிரைவர் ஒரு மரப் பெட்டியின்மேல் அமர்ந்து, வெயிலும் தூசும் தாங்கி அதை ஓட்டிச் செல்வார். பாடி கட்டுவது வேறு பட்டறையின் வேலை. முதலில் தேக்குச் சட்டங்கள், அவற்றின்மேல் தகடு; பிறகு இரும்பும் அலுமினியமும் வந்தன. ஜன்னல்களில் கண்ணாடிக்குப் பதில் கான்வாஸ் படுதா. மழை வந்தால் ஆளுக்கொரு படுதாவை இழுத்துவிட, உள்ளே இருட்டும் புழுக்கமும் குடிகொள்ளும். ஆர். டி. வண்டிபோல் எல்லா உடலும் ஓரளவாக இருந்ததில்லை. தச்சர் கை எப்படியோ வண்டியும் அப்படி. அதில் ஓர் அழகும் இருந்தது. தொலைவில் வரும்போதே இது இன்னார் வண்டி என்று ஊர்க் குழந்தைகள் சொல்லிவிடுவார்கள்.

ஓடு சுமந்த செய்திக்கு இப்போது வருகிறோம். இக்கட்டுரையில் நாம் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இதுவே. லண்டனில் ஓடிய வண்டி பஸ்ஸாகவே பிறந்தது. நம் காமெட்டோ லாரியாகப் பிறந்து பஸ்ஸாக வேஷம் கட்டியது. லேலண்ட் கம்பெனியாருக்கே இந்தப் பேதம் நன்கு தெரியும். 1927 இல் ராக்கம் என்னும் பொறியாளர் அவர்களுக்காக டைட்டன் என்னும் மாடி பஸ்ஸை வகுத்தபோது, சேசிஸின் சட்டங்களை இரு அச்சுகளுக்கும் நடுவே கீழிறங்கும்படி வளைத்தார். என்ஜினிலிருந்து பின்சக்கரத்திற்குச் செல்லும் தண்டையும் ஒருபக்கமாக ஒதுக்கினார். அதனால் நடைபாதை தாழ்ந்தது. பிரயாணி தெருவிலிருந்து ஏறுவது எளிதாயிற்று. அதே ராக்கம்தான் பின்னர் ஏ. இ. சி. கம்பெனிக்குச் சென்று ஆர். டி. சேசிஸை வகுப்பதிலும் பங்கு கொண்டார்.

லாரிக்கு இந்தச் சிரமம் எதற்கு? மூட்டை படி ஏறுவதில்லை. ஆட்கள் தூக்கி எறிகிறார்கள். ஆகவே அதன் சட்டங்கள் நேராக, அச்சுகளுக்கு மேலாகவே செல்லும். சக்கரத்தின் உயரம் மட்டும் ஏறக்குறைய 40 அங்குலம். அதற்குமேல் பலகை போட்டால் பஸ்ஸின் தளம் தரையிலிருந்து மூன்று அடிக்குக் குறையாமல் நிற்கும். அங்கே ஏற இரண்டு மூன்று செங்குத்தான படிகள். இடுப்பில் குழந்தை, கையில் பை, கட்டிய புடவை, இவற்றோடு ஒரு தாய் அந்த முதல் படியில் கால் வைப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். முழங்கால் தேய்ந்த பாட்டிமார்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நியாயமாகப் பேசினால், அன்று அப்படிச் செய்ததற்குக் காரணங்கள் இருந்தன. நம் சாலைகள் கல்லும் குழியும். ஆற்றுக்குப் பாலம் இல்லாத இடங்களில் வண்டி மணலில் இறங்கி ஏறவேண்டும். தாழ்ந்த தளம் அங்கே தட்டும். அந்நியச் செலாவணி குறைவாக இருந்த நாட்டில் லாரிக்கு ஒன்று, பஸ்ஸுக்கு ஒன்று என இரு வேறு சேசிஸ்கள் செய்வதும் கட்டாது. ஒரே அச்சு, ஒரே கியர்ப் பெட்டி என்றால் உதிரிப் பாகம் எந்த ஊரிலும் கிடைக்கும்; எந்த மெக்கானிக்கும் பிரித்துப் பூட்டுவார். கிராமத்துப் பாதைக்கு அந்தக் கட்டுறுதியான வண்டிதான் ஏற்றது. அது வந்திராவிட்டால் பல ஊர்களுக்குப் பஸ்ஸே வந்திராது. ஆனால் நகரத்துத் தார்ச்சாலைக்கும் அதே லாரிச் சேசிஸையே ஐம்பது ஆண்டுக்கு மேல் தொடர்ந்ததற்கு அந்தக் காரணங்கள் போதா என்பது நம் அபிப்பிராயம். எண்ணூரிலேயே 1967 இல் டைட்டன் மாடி பஸ் செய்யப்பட்டது; ஆகவே தாழ்ந்த சட்டம் வளைக்க நமக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. வாங்குவோர் கேட்கவில்லை, செய்வோர் கொடுக்கவில்லை. ஏறுவோரை யாரும் கேட்கவில்லை.

இலங்கையிலுள்ள நம் உறவினர்கள் இவ்விஷயத்தில் ஒரு வேடிக்கையைக் கண்டனர். அங்கே 1958 ஜனவரி 1 இல் பஸ்கள் அரசுடைமையாகி, இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றியது. லண்டனில் ஓய்வு கொடுக்கப்பட்ட ஆர். டி. மாடி பஸ்கள் நூற்றுக்கணக்கில் கப்பலேறி அங்கே வந்தன. லண்டனின் பழைய வண்டி கொழும்பின் புதிய வண்டியாயிற்று. லண்டனில் கடைசி ஆர். டி. 1979 ஏப்ரலில்தான் ஓய்வு பெற்றது.

நம் நாட்டில் நகரப் பஸ் எப்படி இருக்கவேண்டும் என்று மத்திய அரசு தனியாக ஓர் இலக்கணம் வகுத்தது 2008 இல். அதன்படி தாழ்தள வண்டியின் தளம் தரையிலிருந்து 400 மில்லிமீட்டர், அதாவது சுமார் 16 அங்குலம். என்ஜினை முன்னாலிருந்து பின்னால் தள்ளிவிட்டதால் அது சாத்தியமாயிற்று. திருமலைச் சாலையிலோ 2022 முதல் மின்சார பஸ்கள் ஓடுகின்றன. இறங்கும்போது அவற்றின் மோட்டாரே மின்சாரம் உண்டாக்கும் இயந்திரமாக மாறி, வண்டியைத் தடுத்துக்கொண்டே மின்கலத்தை நிரப்புகிறது. பழைய பஸ்ஸில் பிரேக் பட்டையைத் தீய்த்த அந்த 15 யூனிட்டில் ஒரு பங்கு திரும்பி வருகிறது. விசுவேசுவரய்யா இதைக் கண்டிருந்தால் உடனே பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டிருப்பார்.

தமிழ்நாட்டில் 2021 முதலும், நம் ஆந்திரத்தில் 2025 ஆகஸ்டு 15 முதலும் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பிரயாணம் வந்தபின், வண்டிகளில் தாய்மார்களின் கூட்டம் முன்னிலும் அதிகம். சாந்திபுரம், குப்பம் பக்கத்துச் சாதாரண பஸ்களில் தளம் இன்னும் பழைய உயரத்தில்தான் இருக்கிறது. ஒருவர் மேலே நின்று கை கொடுக்க, மற்றொருவர் கீழே நின்று குழந்தையைத் தூக்கிக் கொடுக்க, நடுவில் கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்.